கூட்டத்தில் நின்றவனும் கல் எறிந்தவனும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். இன்னும் மேலே போனால் மரக்காணத்து உப்பளங்கள். இந்த ஊர்களில் சாலைதான் வீட்டு வாசல். மீன் ஏற்றும் வண்டியும், ஆரோவில்லுக்குத் திரும்பும் பயணியும், கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு மறியலுக்கு உட்காரும் மீனவர்களும், கட்சி மாநாட்டுக்குப் போகும் வேன்களும் அந்த ஒரே சாலையில்தான் சந்திக்க வேண்டும். அங்கே ஒரு பேருந்தின் கண்ணாடி உடைந்தால், உடைத்தவரைச் சுற்றி உடைக்காத நூறு பேர் நிற்பார்கள். அடுத்த நாள் காலை காவல் நிலையத்தில் எழுதப்படும் வழக்கில் அந்த நூறு பேரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக வரும் வழக்குகள் பலவற்றில் அடிப்படைக் கேள்வி ஒன்றே: அங்கே இருந்ததற்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்கலாமா? சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் காவல் நிலைய மேசைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல். அது வந்து சேராவிட்டால் குற்றம் சாட்டப்பட்ட அப்பாவிக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. வீடு எரிந்தவருக்கும் நீதி கிடைப்பதில்லை.

மரக்காணம், 2013

2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கமும் பாட்டாளி மக்கள் கட்சியும் சித்திரை முழுநிலவு விழா நடத்தின. அதற்குச் சென்ற வாகனங்கள் மரக்காணத்தைக் கடந்தபோது மோதல் வெடித்தது. கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. பேருந்துகள் கொளுத்தப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிரிழப்பும் நேர்ந்தது. ஏப்ரல் 30 அன்று விழுப்புரத்தில் தடையை மீறிப் போராட வந்த கட்சி நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் கைது செய்யப்பட்டுத் திருச்சி சிறையில் அடைக்கப்பட்டார். அதன் பிறகு வட மாவட்டங்களில் மீண்டும் பேருந்துகள் தாக்கப்பட்டன, மீண்டும் கைதுகள் நடந்தன. கைதானவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

சேதத்துக்கான இழப்பீட்டைக் கட்சியிடமே வசூலிப்போம் என்று அன்றைய அரசு அறிவித்தது. அதற்குக் கையில் எடுத்தது 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டத்தை. அந்த நடவடிக்கையை எதிர்த்துப் பாமக சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மனு தள்ளுபடியானது 2022இல். சம்பவம் நடந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, இழப்பீட்டு நடவடிக்கை தொடரலாமா என்ற கேள்விக்குத்தான் விடை வந்தது.

இந்தக் காலக்கணக்கை வீடு இழந்தவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். கூரை எரிந்த குடும்பத்துக்கு ஒன்பது ஆண்டு என்பது பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம். வேனில் உட்கார்ந்து போனதற்காகக் கைதான இளைஞர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வாய்தாவுக்கு அலைவதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் 'வழக்கு உண்டா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதுவதும் அவர் வாழ்க்கையோடு ஒட்டிக்கொள்கின்றன.

மூன்று சட்டங்கள், ஒரே கண்ணாடி

பேருந்தின் ஒரு கண்ணாடி உடைந்தால் எந்தப் பிரிவில் வழக்கு என்பதைக் காவல் நிலையத்தில் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு எவ்வளவு கனமானது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு, சேதத்தின் மதிப்பை வைத்துத் தண்டனையைப் படிப்படியாக உயர்த்துகிறது. சாதாரணச் சேதத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. அரசு அல்லது உள்ளாட்சியின் சொத்து என்றால் ஓராண்டு வரை. சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு ஆண்டு வரை. ஒரு லட்சத்தை எட்டினால் ஐந்தாண்டு வரை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 50 ரூபாய் சேதமே இரண்டாண்டு தண்டனைக்குப் போதும். அந்த வகையில் புதிய சட்டம் காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது.

மத்திய அரசின் 1984ஆம் ஆண்டுப் பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் இதற்கு மேல் வருகிறது. பொதுச்சொத்து எதுவானாலும் ஐந்தாண்டு வரை சிறை. மின்சாரம், குடிநீர், பொதுப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு சார்ந்தவை என்றால் குறைந்தது ஆறு மாதம். தீ வைத்தால் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை.

தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 3ஆம் பிரிவுக்கு 100 ரூபாய் சேதம் போதும். தண்டனை குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. பின்னாளில் செய்த திருத்தத்தால் தனியார் சொத்தும் இதற்குள் வந்துவிட்டது. ஐந்தாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் காவல் நிலையத்திலேயே உரிமையாக ஜாமீன் கேட்க முடியாது. ஒரே கண்ணாடிதான். 324ஆம் பிரிவில் அது சில மாத வழக்கு. மாநிலச் சட்டத்தில் அது ஜாமீனில் விட முடியாத வழக்கு. 100 ரூபாய்க்கு இன்று பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடிகூடக் கிடைக்காது என்பதால், சேதம் என்று ஒன்று நடந்துவிட்டாலே இந்தப் பிரிவைப் போட்டுவிடலாம் என்ற நிலை உருவாகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தொகையைத் திருத்தாமல் வைத்திருப்பது சட்டமன்றத்தின் கவனக்குறைவு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் சாலையோரத்து இளைஞர்கள்.

ஆகவே இவ்வகை வழக்கில் ஒரு தாளை எவரும் கவனிக்காமல் விடக் கூடாது. அது சேத மதிப்புச் சான்று. பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையும், கட்டடம் என்றால் பொதுப்பணித் துறையின் பொறியாளரும் அதைக் கொடுக்க வேண்டும். எந்த நாளில், எந்தப் பொருளைப் பார்த்து, யார் மதிப்பிட்டார் என்பது அதில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு வரும் பார்வை மகசரும், இடத்தின் மாதிரி வரைபடமும் அந்த மதிப்போடு ஒத்துப்போக வேண்டும். முன்கண்ணாடி உடைந்தது என்று மகசரும், பின்கண்ணாடிக்கு மதிப்புச் சான்றும் இருந்தால் வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். நல்ல வழக்கறிஞர்கள் சாட்சியைத் தொடுவதற்கு முன் இந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள்.

'மற்றும் பலர்'

கலவர வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் தவறாமல் வருகிற ஒரு வழக்கம் உண்டு. நான்கைந்து பேரின் பெயரை எழுதி, கடைசியில் 'மற்றும் பலர்' என்று முடிப்பார்கள். சம்பவம் நடந்த அன்று எல்லாருடைய பெயரும் தெரியாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு சொற்கள் ஒரு கதவைத் திறந்து வைக்கின்றன. மாதங்கள் கழித்தும் அதன் வழியாக யாரையும் உள்ளே கொண்டுவர முடியும். ஊரில் பகை உள்ளவர் ஒருவர் சொல்லும் பெயரும் அதில் நுழையும். ஆண்கள் ஊரைவிட்டுப் போய், வேலையும் பிழைப்பும் நின்று, பெண்கள் மட்டும் இருக்கும் தெருக்களைக் கலவரத்துக்குப் பிந்தைய வாரங்களில் தமிழ்நாட்டின் பல பகுதிகள் பார்த்திருக்கின்றன.

'மற்றும் பலர்' என்று எழுதும் வழக்கத்துக்குச் சட்டத் துணையாக நிற்பது சட்டவிரோதக் கூட்டம் பற்றிய விதி. பழைய சட்டத்தின் 149, புதிய சட்டத்தின் 190. பொதுவான நோக்கத்தோடு கூடிய கூட்டத்தில் ஒருவர் செய்யும் குற்றத்துக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்கிறது அது. விதி தேவையானது. கும்பலில் யார் தீக்குச்சியைக் கிழித்தார் என்று பல நேரங்களில் காட்ட முடியாது. எரிக்கவே வந்தவர்கள் அந்த மறைவில் தப்பித்துவிடக் கூடாது. ஆனால் 'பொதுவான நோக்கம்' என்பதை நிரூபிக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்ததே நோக்கத்துக்குச் சாட்சி ஆகிவிடாது.

1964இல் மசால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை வரைந்தது. கும்பல் வழக்குகளில் ஒவ்வொருவரும் தனித்தனியே என்ன செய்தார் என்று காட்டத் தேவையில்லை என்றது. அதே வேளையில் வேடிக்கை பார்க்க வந்தவர் அந்தக் கூட்டத்தின் உறுப்பினர் ஆகமாட்டார் என்பதையும் ஏற்றது. அந்த வழக்கில் நான்கு சாட்சிகளாவது ஒரே மாதிரி அடையாளம் காட்டியவர்களை மட்டுமே உயர் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கொண்டிருந்தது. சாட்சிகளும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் மிகுதியாக உள்ள வழக்கில் அப்படியொரு அளவுகோல் தேவைதான் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

அறுபது ஆண்டுகள் கழித்து இதே கேள்வி குஜராத்தின் வடோத் கிராமத்திலிருந்து வந்தது. 2002 பிப்ரவரி 28 அன்று அங்கே கும்பல் கூடியது, காவல்துறை வாகனங்கள் சேதமாயின. குற்றம் சாட்டப்பட்ட 19 பேரையும் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. 2016இல் உயர் நீதிமன்றம் சிலரைத் தண்டித்தது. மேல்முறையீடு செய்த ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 21 அன்று விடுவித்தது. அவர்கள் அதே ஊர்க்காரர்கள், தங்கள் ஊரில் அவர்கள் இருப்பது இயல்பு, அவர்கள் கையில் ஆயுதமோ எரிபொருளோ கண்டெடுக்கப்படவில்லை, வெறுமே இருந்ததை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சாலையே வாசலாக உள்ள கடற்கரை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இல்லை. பெரிய முதலியார்சாவடியில் குடியிருப்பவர் அந்தச் சாலையில் நின்றதற்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அதற்காக வடோத் மக்கள் 23 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆள் தெரியாவிட்டால் இழப்பவர் யார்?

தனித்தனியாக ஆளை நிரூபிக்கச் சொல்வது கலவரக்காரர்களுக்குச் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி அருகே நடந்தது அவர்களுக்குப் பதில். ஜெயலலிதாவுக்கு எதிரான கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கின் தீர்ப்பை எதிர்த்த போராட்டத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்தனர். கிருஷ்ணகிரியில் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். பெற்றோர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடியதால்தான் வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு முதலிலிருந்து நடந்தது. 2007இல் 28 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2016இல் அது ஆயுளாகக் குறைந்தது.

பட்டப்பகலில், சாலையில், பலர் கண்ணெதிரே நடந்த கொலைக்கே நிலைமை இது. யார் என்ன செய்தார் என்று முதல் நாளே கவனமாக எழுதி, சாட்சிகளைக் காப்பாற்றியிருந்தால் அந்தப் பெற்றோர் இரண்டாவது முறை நீதிமன்றம் ஏற வேண்டியிருந்திருக்காது. நூறு பேரை மொத்தமாக வழக்கில் சேர்க்கும் காவல் நிலையம் உண்மையில் எவரையும் விசாரிப்பதில்லை. அப்பாவிகள் மிகுந்த வழக்கில் குற்றவாளியும் அவர்களோடு சேர்ந்தே விடுதலை ஆகிறான்.

இதை உணர்ந்துதான் 2009 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம், நீதியரசர் கே.டி.தாமஸ், வழக்கறிஞர் ஃபாலி நாரிமன் ஆகியோர் தலைமையிலான குழுக்களின் பரிந்துரைகளை ஏற்றது. போராட்டங்களைக் காணொளியில் பதிய வேண்டும், சேதத்தை மதிப்பிட நீதித்துறை அனுபவம் உள்ள ஆணையர் வேண்டும், செயலுக்கும் பொறுப்புக்கும் தொடர்பு நிரூபணமாக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. குடியுரிமைச் சட்டப் போராட்டத்துக்குப் பிறகு உத்தரப் பிரதேச அரசு, அதிகாரிகள் மூலமாகவே 274 பேருக்கு வசூல் நோட்டீஸ் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் 2022 பிப்ரவரியில் அவற்றைத் திரும்பப் பெற்றது. புகார் கொடுப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் அரசே ஆகிவிடக் கூடாது என்பதே அதன் பாடம்.

கேமரா எல்லாரையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டபோது, சீருடை அணிந்தவர்களே வாகனங்களுக்குத் தீ வைக்கும் காட்சிகள் பொதுமக்களின் செல்பேசிகளில் பதிவாகி நாடெங்கும் பரவின. நீதியரசர் எஸ்.ராஜேஸ்வரன் ஆணையம் அதன் பிறகு அமைந்தது. அந்தக் காட்சிகள் இல்லாதிருந்தால் எல்லாச் சேதமும் போராட்டக்காரர் தலையில்தான் விழுந்திருக்கும்.

காவல் நிலையத்தின் முதல் நாள்

குற்றச்சாட்டு ஒருவர் மீது விழுந்துவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலும் செல்பேசி அழைப்புதான் முதலில் வரும்: 'ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க.' அப்படி அழைப்பதற்கு எழுத்தில் அறிவிப்பு கேட்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவு அதற்காகவே இருக்கிறது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது இயல்பான நடவடிக்கை ஆகக் கூடாது, முதலில் அறிவிப்பு, கைது செய்தால் அதற்கு எழுத்தில் காரணம் என்று சொன்னது. மாநிலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஐந்தாண்டுதான். ஆகவே கண்ணாடி உடைத்த வழக்கில், ஜாமீனில் விட முடியாத பிரிவாக இருந்தாலும், அழைத்த உடனே சிறை என்பது சட்டம் இல்லை. அறிவிப்புக்கு மதித்துப் போய், போனதற்கு ஒப்புகை வாங்கி வைத்தவரைக் கைது செய்ய, அதிகாரி காரணத்தைப் பதிய வேண்டும். தலைமறைவாவது இந்தப் பாதுகாப்பைத் தானே உதறிவிடுவதற்குச் சமம். கைது அச்சம் வலுவாக இருந்தால் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுவது அடுத்த வேலை. 2016இல் உச்ச நீதிமன்றம், உணர்வுபூர்வமான சில வழக்குகள் தவிர மற்றவற்றின் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றது. அதில் தன் பெயர் இருக்கிறதா, 'மற்றும் பலர்' என்பதற்குள் தள்ளப்பட்டிருக்கிறோமா என்பதைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. விசாரணையின்போது காவலர் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே சட்டம் இடம் தரவில்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் குற்றத்துக்குச் சாட்சியாகாது. அதன் பேரில் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டுமே மதிப்பு. ஆகவே வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் மரியாதையோடும் உறுதியோடும் மறுக்கலாம்.

கைது நடந்தால் கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். காரணத்தை, புரிகிற மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்று ஒருவரும் தளர வேண்டாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லாருக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உரிமை. வட்ட சட்டப்பணிகள் குழுவும், 15100 என்ற தொலைபேசி எண்ணும் அதற்காகவே உள்ளன.

நடுவர் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் உடம்பில் அடி இருந்தால் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் பரிசோதனைக் குறிப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த கொடுமையை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பதிவைக் கேட்டு உடனே மனு கொடுப்பவருக்கே அது பயன்படும்.

சந்தேகத்தின் பலன்

இவ்வளவையும் கடந்து விடுதலை கிடைத்தாலும் வழக்கு முழுமையாக விடுவதில்லை. தமிழ்நாடு காவல் பணிக்கான விதிகளின்படி, 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுவிக்கப்பட்டவர் மாசற்றவராகக் கருதப்படமாட்டார். காவலர் தேர்வில் ஓடி ஜெயித்த கடற்கரை இளைஞர், ஐந்தாண்டுக்கு முன் 'மற்றும் பலர்' என்பதில் சேர்ந்த ஒரு மறியல் வழக்கால் வேலையை இழக்க நேரும். சாட்சி இல்லாத வழக்கு பெரும்பாலும் சந்தேகத்தின் பலனில்தான் முடியும். அப்படியானால் காவல்துறையின் கவனக்குறைவுக்கு வாழ்நாள் தண்டனை இளைஞருக்கு. வழக்குகளை அரசு மொத்தமாகத் திரும்பப் பெறுவதும் இதற்குத் தீர்வாகாது. ஜல்லிக்கட்டு, ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகள் பலவும் அப்படித்தான் முடிந்தன. அரசியல் காற்று சாதகமாக அடித்தால் மட்டும் கிடைக்கும் விடுதலை, சொந்தச் செல்வாக்கு இல்லாத ஒரு தெருவுக்கு வந்து சேராது.

சேதம் உண்மை, அதற்கு ஈடு வேண்டும். கட்டையன் தெருவில் எரிந்த வீட்டுக்கும், கொளுத்திய பேருந்துக்கும் பொறுப்பேற்க வேண்டியவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன செய்தார், யார் பார்த்தார், எந்தக் காட்சியில் இருக்கிறார் என்று எழுதுவதுதான். அப்படி எழுத முடியாத பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல் விடும் துணிவு விசாரணை அதிகாரிக்கு வேண்டும். அந்தப் பெயருக்கு எதிரே என்ன ஆதாரம் என்று கேட்கும் கடமை, முதல் ரிமாண்ட் நாளிலேயே, நடுவருக்கு உண்டு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100 ரூபாய் வரம்பை இன்றைய மதிப்புக்குத் திருத்துவதையும், 'மற்றும் பலர்' என்பதற்குள் யாரையும் சேர்க்கும் முன் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்ற விதியையும் தமிழ்நாடு அரசு செய்ய முடியும். இரண்டுக்கும் நிதி தேவையில்லை. அடுத்த முறை இந்தச் சாலையில் ஒரு கல் பறப்பதற்கு முன்பே இவை நடந்தாக வேண்டும்.